வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி நூற்றாண்டு, 7 மார்ச் 2027: ஆறில் ஒரு பங்கு பறக்கும் மாடல், விவாத இழை

#1 இரட்டைவிங்

வணக்கம். பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் நிறுவனம் செய்த இருவிங் (மேல்-கீழ் இரண்டு இறக்கை அடுக்கு) ராணுவ விமானமான வாப்பிட்டி முதன்முதலில் பறந்தது 1927 மார்ச் 7, திங்கட்கிழமை. இடம் இங்கிலாந்தின் யோவில், ஓட்டியவர் வெஸ்ட்லாண்டின் சோதனை விமானி லாரன்ஸ் ஓப்பன்ஷா. நூறாவது ஆண்டு 2027 மார்ச் 7-இல் வருகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நமக்கு வசதி.

நாம் ஏன் இதைக் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சி ட்ரிக் ரோட்டில் இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்க்வாட்ரன் தொடங்கியபோது கையில் இருந்தவை நான்கு வாப்பிட்டி 2ஏ (பின்னால் வந்த உற்பத்தி வகை). பின்னாளில் படைத் தளபதியான சுப்ரோதோ முகர்ஜி அந்த முதல் தொகுதி விமானிகளில் ஒருவர். இரண்டாம் உலகப்போர் வந்ததும் தொண்டர் படையை வைத்துக் கரையோரக் காவல் அணிகள் அமைத்தார்கள். அவற்றில் 1-ஆம் எண் அணி சென்னையில், பரங்கிமலையில். அங்கேயும் இதே பழைய வாப்பிட்டிதான்.

என் திட்டம்: 1:6 அளவில் ரேடியோ கன்ட்ரோல் மாடல். அந்த நாளில் பறக்க வேண்டும். அளவு, எடை, மோட்டார், துணி, நிறம் எல்லாவற்றையும் இந்த ஒரே இழையில் பேசி முடித்துவிடலாம். "வாழ்த்துகள்" பதிவுகள் வேண்டாம், விவரம் போடுங்கள்.

#2 ஒன்பதுசிலிண்டர்

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்த வாப்பிட்டி? நூறு வயதாவது ஜே8495 என்ற முன்மாதிரிக்கு. கராச்சிக்கு வந்தது 2ஏ. இரண்டும் ஒன்றல்ல.

விமான அமைச்சகம் முதல் உலகப்போர்க் காலத்து டிஹெச்9ஏ குண்டுவீச்சு விமானத்துக்கு மாற்று கேட்டபோது, கிடங்குகளில் மலைபோல் கிடந்த டிஹெச்9ஏ உதிரிகளை முடிந்த மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. டிஹெச்9ஏ வேலையை முன்பே நிறையச் செய்திருந்தது வெஸ்ட்லாண்ட். அதனால் அந்த விமானத்தின் இறக்கை, எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பின்னோர மடிப்பு), வால் பகுதிகளை எடுத்து, புதிதாக ஆழமான உடல் ஒன்றைக் கட்டி, மூக்கில் பிரிஸ்டல் ஜூபிட்டர் 6 எஞ்சினை மாட்டியது. முன்மாதிரியில் இறக்கை மரம். முதல் உற்பத்தி வகையில் உடலின் முன்பாதி உலோகம், பின்பாதி மரம். 2ஏ வரும்போது எல்லாம் உலோகம்: சதுரக் குறுக்குவெட்டுள்ள ட்யூராலுமின் (அலுமினியக் கலவை) குழாய்கள், மூலைகளில் தட்டையான தகடு வைத்து போல்ட் போட்டவை. மேலே துணி. கோஹாட், மிரான்ஷா மாதிரி வடமேற்கு எல்லைப்புற இடத்தில் வெல்டிங் இல்லாமல் ஒரு குழாயைக் கழற்றி மாற்ற முடிந்தது இதனால்தான். வெயிலில் மரம் காய்ந்து மூட்டு விடுகிற தொல்லையும் போயிற்று.

மாடலில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மூக்கு. முன்மாதிரியின் ஜூபிட்டர் 6-இல் கிராங்க் ஷாஃப்டே நேராக ப்ரொப்பெல்லரைச் சுற்றும், மூக்கு குட்டை. 2ஏ-வில் பெரும்பாலும் ஜூபிட்டர் 8 வரிசை: முன்னால் கியர் பெட்டி துருத்தி நிற்கும், ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும். குட்டை மூக்கை வைத்து இந்திய 2ஏ நிறம் அடித்தால் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

#3 அளவுகோல்

கணக்கு போட்டுவிடுகிறேன்.

உண்மை விமானத்தின் இறக்கை அகலம் (முனைக்கு முனை) 46 அடி 5 அங்குலம், அதாவது 14.15 மீட்டர். ஆறால் வகுத்தால் 2.36 மீ. மொத்த இறக்கைப் பரப்பு 488 சதுர அடி, 45.3 ச.மீ. பரப்பு 36-ஆல் வகுபடும்: 1.26 ச.மீ. 2ஏ-வின் பறக்கும் எடை 5,410 பவுண்டு, 2,454 கிலோ. எடை 216-ஆல் வகுபடும்: 11.4 கிலோ. வேகம் ஆறின் வர்க்கமூலத்தால், 2.45-ஆல், வகுபடும்: மணிக்கு 129 மைல் என்பது மாடலில் ஏறக்குறைய 85 கி.மீ.

11.4 என்பது உச்சவரம்பு. அதை இலக்காக வைத்துக் கட்டினால் 13-இல் போய் நிற்கும், இருவிங் மாடல்களில் இது வழக்கம். கம்பி, டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு), ஸ்ட்ரட் (மேல்-கீழ் இறக்கைகளை இணைக்கும் தூண்) இரும்பு, பொம்மை எஞ்சின் நான்கும் சேர்ந்து கணக்கில் வராமல் ஒன்றரை கிலோ தின்னும். 9.5 கிலோவுக்கு வரையுங்கள், 10.5-இல் முடியும். 10 கிலோவில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தாங்காது) ஏறத்தாழ 39 கி.மீ., 11.4-இல் 41. இறங்கும்போது 50-க்குக் கீழே விடக்கூடாது.

1:5 யோசிப்பவர்களுக்கு: 2.83 மீ., 19.6 கிலோ. வண்டியில் ஏறாது. 1:8 என்றால் 1.77 மீ., 4.8 கிலோ. சுலபம்தான், ஆனால் கம்பி மூட்டுகள் சின்னதாகி கை நுழையாது.

#4 புதுச்சிறகு

அண்ணே, ஒரு சந்தேகம். முன்மாதிரியின் வால் சரியில்லை, உடலில் இரண்டு அடி விட்டுப்போய்விட்டது என்று ஒரு கதை உண்டே, நிஜமா? அப்படியென்றால் மாடலும் சரியாகப் பறக்காதே?

#5 ஒன்பதுசிலிண்டர்

அந்தக் கதை பரவலாகப் பதிவாகியுள்ளது தம்பி. வரைபடத் தாள்களிலிருந்து கட்டும்போது உடலின் இரண்டு அடித் துண்டு ஒன்று விட்டுப்போனது, அது முன்மாதிரி பறந்த பிறகே தெரிந்தது என்பார்கள். ஆழமான உடல், குட்டையான வால் நெம்புகோல், டிஹெச்9ஏ-வின் சின்ன வால். சுக்கான் போதவில்லை. உடலை நீட்டாமல் வாலைப் பெரிதாக்கிச் சமாளித்தார்கள். பிறகு வந்த மார்க் 5-இல்தான் உடல் நீண்டது. ஓப்பன்ஷா அதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் பறப்புக்கு மூன்று மாதம் கழித்து, 1927 ஜூன் 6 அன்று, போர்ன்மவுத் பந்தயத்தில் அவர் ஓட்டிய வெஸ்ட்லாண்ட் விஜனும் இன்னொரு விமானமும் மோதியதில் இறந்துபோனார்.

அந்த இரண்டு அடி நம் மாடலில் 10 செ.மீ.

#6 நூல்கட்டு

அப்போ கிடைமட்ட வாலைப் பத்து சதவீதம் பெரிதாக்கிவிடுங்கள். 1:6-இல் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பறப்பதுதான் முக்கியம்.

#7 அளவுகோல்

வேண்டாம். நீங்கள் பார்த்து வரையப்போவது உற்பத்தி வகையின் வரைபடம். அதில் வால் ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டது. அதன் மேல் இன்னொரு பத்து சதவீதம் சேர்த்தால் பின்னால் எடை கூடும், அதற்கு ஈடாக மூக்கில் ஈயம் வைக்க வேண்டி வரும். இந்த வகை உடலில் வாலில் 100 கிராம் கூடினால் மூக்கில் 300 முதல் 400 கிராம் கேட்கும்.

கணக்காகப் பாருங்கள். வாலின் பரப்பை, சி.ஜி.-யிலிருந்து (எடை மையம்) வாலின் கால்நாண் (நாண் என்பது முன்னோரம் முதல் பின்னோரம் வரை உள்ள தூரம், அதன் கால் பங்குப் புள்ளி) வரை உள்ள தூரத்தால் பெருக்குங்கள். அதை இறக்கைப் பரப்பு, சராசரி நாண் இரண்டின் பெருக்கத்தால் வகுங்கள். 0.45-க்கு மேல் வந்தால் தொடாதீர்கள். 0.40-க்கும் 0.45-க்கும் நடுவில் வந்தால் சி.ஜி.-யை முன்னால் நகர்த்துங்கள், அது போதும். 0.40-க்குக் கீழே போனால் மட்டும் வாலை நீட்டலாம்.

#8 நூல்கட்டு

முன்மாதிரியையே செய்தால்?

#9 அளவுகோல்

செய்தால் சின்ன வாலோடு செய்ய வேண்டும், அதை ஓட்ட ஓப்பன்ஷா மாதிரி ஆள் வேண்டும். ஜைரோ வைத்து ஓட்டலாம் என்பீர்கள். ஓட்டலாம். ஆனால் மொத்த இழையும் சென்னை, கராச்சி என்று பேசுகிறது. 2ஏ-வே பொருத்தம் என்பது என் கருத்து.

#10 இரட்டைவிங்

2ஏ. முடிவாகிவிட்டது. 1933-இல் 1-ஆம் ஸ்க்வாட்ரனிடம் இருந்த நிலை. அடுத்து கட்டுமானம். நூல்கட்டு அண்ணே, கம்பி விஷயத்தை விரிவாகச் சொல்லுங்கள்.

#11 நூல்கட்டு

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

வாப்பிட்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டு அறை உள்ள இருவிங். உடலுக்கும் உள் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் ஒன்று, உள் ஸ்ட்ரட்டுக்கும் வெளி ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் இன்னொன்று. குறுக்குக் கம்பிகளில் இரண்டு வேலை. கீழ்விங்கின் அடியிலிருந்து வெளிப்பக்கம் மேல்நோக்கிப் போவது பறக்கும் கம்பி, காற்றில் இருக்கும்போது சுமை இதில். மேல்விங்கின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் கீழ்நோக்கி வருவது இறங்கும் கம்பி, தரையில் இடிக்கும்போது சுமை இதில். இரண்டையும் மாற்றி நினைத்துக்கொண்டு பறக்கும் கம்பியை மெலிதாகப் போட்டால் முதல் லூப்பில் இறக்கை மடங்கும்.

சுமைக் கணக்கு: 10 கிலோ மாடல், 4 மடங்கு ஈர்ப்பு, மொத்தம் 40 கிலோ, பக்கத்துக்கு 20. உள் அறையின் பறக்கும் கம்பி அதற்கு வெளியே உள்ள எல்லாச் சுமையையும் தாங்கும், ஏறத்தாழ 15 கிலோ என்று வையுங்கள். கம்பியின் சாய்வு 33 டிகிரி வாக்கில் இருப்பதால் இழுவிசை 28 கிலோ ஆகிறது. முன் ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாட்டுச் சட்டம்) ஒன்று, பின் ஸ்பாருக்கு ஒன்று என இரட்டைக் கம்பி போட்டால் தலைக்கு 14. 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் முறுக்குக் கம்பி 40 கிலோ வரை தாங்கும். அது போதும். வெளி அறைக்கு 0.6 மி.மீ. போடலாம்.

எங்கே போகும் என்றால், கம்பியில் அறாது, க்ரிம்ப்பில் வழுகும். செம்புக் குழாய்க்குள் கம்பியை ஒரு தடவை நுழைத்து அழுத்தினால் 15 கிலோவில் நழுவிவிடும். நுழைத்து, வளையம் போட்டு, திருப்பி நுழைத்து, நுனியை மறுபடி வளைத்து மூன்றாம் தடவையும் நுழைத்த பிறகு இரண்டு இடத்தில் அழுத்துங்கள். ஒரு மாதிரித் துண்டில் 25 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உண்மை விமானத்தில் இருந்தது இலை வடிவக் குறுக்குவெட்டுள்ள பட்டைக் கம்பி. அதைப்போலத் தெரிய வேண்டும் என்று பிளாஸ்டிக் பட்டை ஒட்டுபவர்கள் உண்டு. காற்றில் அது படபடத்து அடிப்பகுதியில் கம்பியைத் தேய்க்கும். சாம்பல் நிற வெறும் கம்பியே மேல்.

முறுக்கும் வரிசை: முதலில் மேல்விங்கின் நடுப்பகுதி, அதை உடலோடு இணைக்கும் கபேன் ஸ்ட்ரட்டுகள். அது நேராக இல்லாவிட்டால் மீதி எதுவும் நேராக வராது. பிறகு உள் அறையில் இறங்கும் கம்பியால் டைஹெட்ரலை (இறக்கை முனைகள் மேல்நோக்கிச் சாயும் கோணம்) கொண்டுவாருங்கள், பறக்கும் கம்பியால் பூட்டுங்கள். அதன் பின் வெளி அறை. கடைசியாக முன், பின் ஸ்ட்ரட்டுகளுக்கு நடுவில் உள்ள குறுக்குக் கம்பி, இறக்கையின் முறுக்கலைத் தீர்மானிப்பது இதுதான். நான்கு இறக்கைகளின் சாய்கோணமும் ஒன்றுக்கொன்று அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீணைத் தந்தி போல ஒலிக்கும் வரை இறுக்கக் கூடாது, ஸ்பார் வில்லாக வளைந்துவிடும். தொய்வு போனதும் டர்ன்பக்கிளில் அரைச் சுற்று, அதோடு நிறுத்துங்கள். பிறகு மெல்லிய கம்பியால் பூட்டு போடுங்கள். டர்ன்பக்கிள் எஞ்சின் அதிர்வில் தானாகவே கழலும்.

#12 புதுச்சிறகு

கம்பியெல்லாம் வேண்டாம், எலாஸ்டிக் நூல் போதும், இறக்கைக்குள் கார்பன் குழாய் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

#13 நூல்கட்டு

சரியான வழிதான். கார்பன் அல்லது அலுமினியக் குழாய் முழுச் சுமையையும் எடுத்தால் கம்பி வெறும் அலங்காரம். களத்தில் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். ஆனால் இறக்கை ஒவ்வொன்றும் தனியாக நிற்க வேண்டும் என்பதால் ஸ்பார் கனக்கும். 2.36 மீட்டரில் 400 முதல் 500 கிராம் கூடும். நடுவழி: உள் அறையில் நிஜக் கம்பி, வெளி அறையில் எலாஸ்டிக். கலப்பதானால் எது நிஜம், எது பொய் என்று கம்பியிலேயே ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். களத்தில் உதவிக்கு வருகிறவர் எலாஸ்டிக்கைப் பிடித்து மாடலைத் தூக்குவார்.

#14 வார்னிஷ்

துணி, டோப் (துணியை இறுக்கிக் காக்கும் பூச்சு) பற்றி. கரையோர ஊர்க்காரர்களுக்கு முக்கியம்.

நைட்ரேட் டோப் ஈரக் காற்றில் வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. பார்க்கப் பால் தெளித்தாற்போல் இருக்கும், அந்த இடத்தில் வலுவும் குறைவு. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். சென்னையில் அதிகாலையில் அது 80-ஐத் தாண்டும். மதியம் 12 முதல் 3 வரைதான் கிடைக்கும் நேரம், அதுவும் கடற்காற்று வருவதற்குள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் டோப் வேலையே வைக்காதீர்கள். இங்கே நாள்காட்டி நமக்கு எதிரி. மார்ச் 7-க்குப் பறக்க வேண்டுமென்றால் துணி வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும், அல்லது ஜனவரிக்குத் தள்ள வேண்டும். ஜனவரிக்குத் தள்ளினால் சோதனைப் பறப்புக்கு நேரம் இருக்காது.

வெளுத்துவிட்டால் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. ரிடார்டர் (உலர்வதைத் தாமதிக்கும் திரவம்) கலந்த தின்னரை லேசாக ஸ்ப்ரே செய்தால் படலம் மறுபடி இளகி ஈரம் வெளியேறும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால், பின்னால் பசை உள்ள இஸ்திரி வகை பாலியஸ்டர் துணி. முதலில் ஓரங்களைக் குறைந்த சூட்டில் ஒட்டுங்கள், பிறகு சூட்டைக் கூட்டி நடுவைச் சுருக்குங்கள். பாலியஸ்டர் இழுக்கும் பலம் அதிகம், மெலிந்த பின்னோரம் வளைந்துபோகும். வாலில் இது பெரிய ஆபத்து. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டுங்கள், ஒரே பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள்.

ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) தையலைக் காட்டப் பருத்தி நூலை ரிப்பின் மேல் ஒட்டி, அதன் மேல் 4 மி.மீ. பட்டை ஒட்டினால் 1:6-இல் நன்றாகத் தெரியும்.

#15 ஒன்பதுசிலிண்டர்

பொம்மை எஞ்சின். ஜூபிட்டரின் மொத்த விட்டம் 54.5 அங்குலம், 1.38 மீ., நமக்கு 23 செ.மீ. ஒரே வரிசையில் ஒன்பது சிலிண்டர், 40 டிகிரிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் நான்கு வால்வு. அதனால் ராக்கர், புஷ்ராட் எல்லாம் வெளியே தெரியும். சாதாரண ரேடியல் எஞ்சின் மாதிரி இரண்டு வால்வு போட்டுவிடாதீர்கள். நிஜத்தில் 28.7 லிட்டர் கொள்ளளவு. கார்ப்யூரேட்டர் மூன்று அறை கொண்டது, ஒவ்வொன்றும் மூன்று சிலிண்டருக்குச் சுழல் வடிவப் பாதையில் கலவை அனுப்பும். ஒரு அறை அடைத்துக்கொண்டாலும் மீதி ஆறு சிலிண்டர் ஓடும் என்பது அதன் அழகு.

3டி பிரிண்டில் எடுப்பவர்கள் பி.எல்.ஏ. வேண்டாம். அது 60 டிகிரியில் இளகும். மார்ச் வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கறுப்பு நிறப் பொருள் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், சிலிண்டர்கள் தலை கவிழும். பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். போடுங்கள். சுவர் 0.8 மி.மீ., உள்ளே வெற்றிடம், ஒரு சிலிண்டர் 20 முதல் 25 கிராமுக்குள். ஒன்பதுக்கும் 225 கிராம். மூக்கில்தானே, கூடினால் நல்லது என்று நினைக்கலாம். ஆனால் பேட்டரியை நகர்த்தி சி.ஜி. சரிசெய்யும் வசதி போய்விடும்.

#16 வோல்ட்டுமணி

மோட்டார் என் பக்கம். 10 கிலோ இருவிங்குக்கு கிலோவுக்கு 180 முதல் 200 வாட் போதும், ஆக 2 கிலோவாட். 12 செல் லித்தியம் பாலிமர், 5,000 மில்லி ஆம்பியர் மணி, 190 கே.வி. (வோல்ட்டுக்கு 190 சுற்று) மோட்டார், 20×10 அங்குல மரப் ப்ரொப். 6,400 சுற்றில் 45 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். ப்ரொப்பின் காற்று வேகம் 98 கி.மீ. வரும், நமக்குத் தேவை 85. சரியான ஜோடி. சராசரி 22 ஆம்பியரில் 80 சதவீதம் வரை செலவழித்தால் 11 நிமிடம். அதில் 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் என்றால் 50 முதல் 55 சி.சி. சத்தம் அழகு. ஆனால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வு, #11-இல் சொன்ன டர்ன்பக்கிள்களுக்கு எமன். சைலன்ஸரை ஒன்பது சிலிண்டருக்குள் மறைக்கவும் இடம் இல்லை.

வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொம்மை எஞ்சினுக்குப் பின்னால் வைத்து மறந்துவிடுவார்கள். காற்று உள்ளே போனால் மட்டும் போதாது, போனதைப் போல இரண்டு மடங்கு பரப்பில் வெளியேறும் வழி வேண்டும். உடலின் அடியில், இறக்கைக்குப் பின்னால் வெட்டிவிடுங்கள்.

ரிசீவருக்குத் தனி பேட்டரி. பிரதான பேட்டரியிலிருந்து எடுப்பதானால் இரண்டு வழிகளில் எடுத்து ஒன்றுக்கொன்று மாற்றாக வையுங்கள். எய்லரான் நான்கிலும் உண்டு. கீழ்விங்கில் சர்வோ (மடிப்பை அசைக்கும் சின்ன மோட்டார்), மேலே இணைப்புக் கம்பி. 10 கிலோ-செ.மீ.க்குக் குறைந்த சர்வோ வேண்டாம்.

#17 வார்னிஷ்

நிறத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். மூன்று விஷயம்.

இந்திய விமானப்படை என்றதும் காவி, வெள்ளை, பச்சை வட்டம் அடிக்காதீர்கள். 1933-இல் அடித்தது பிரிட்டிஷ் சிவப்பு, வெள்ளை, நீல வட்டமே.

உடல் முழுக்க அலுமினியப் பொடி கலந்த டோப், வெள்ளிச் சாம்பல் நிறம். அது அழகுக்கு அடித்தது அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் லினனை அரிக்காமல் தடுக்க அலுமினியப் பொடி வேண்டும். எனவே குரோம் மாதிரி பளபளக்கக் கூடாது. தரமான அலுமினிய டோப்பில் கொஞ்சம் மேட் கலந்தால் சரியான தோற்றம் வரும். உலோக மூடிகள் மட்டும் சற்று வேறு பளபளப்பில் இருக்கட்டும்.

மூன்றாவது, சுக்கானில் உள்ள மூன்று பட்டை. 1930 வரை சுக்கானின் முன்னோரத்தில் நீலம், பின்னோரத்தில் சிவப்பு. 1930-இல் வரிசையைத் தலைகீழாக்கினார்கள், முன்னால் சிவப்பு. 1934-இல் பட்டையையே எடுத்துவிட்டார்கள். ஆக 1927 முன்மாதிரிக்கு முன்னால் நீலம், 1933 கராச்சி விமானத்துக்கு முன்னால் சிவப்பு, 1940 பரங்கிமலை விமானத்துக்குப் பட்டையே இல்லை. ஒரே சுக்கானைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம். விமானப்படை அருங்காட்சியகத்தில், டெல்லி பாலத்தில் நிற்கும் வாப்பிட்டியைப் படம் எடுத்துப் பார்த்து அடிப்பவர்கள் கவனிக்க: அது காட்சிக்காகப் பின்னால் நிறம் பூசப்பட்டது. வடிவத்துக்கும் பொருத்துதல்களுக்கும் அதைப் பாருங்கள், நிறத்துக்கு அந்தக் காலக் கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பாருங்கள்.

#18 புதுச்சிறகு

கறுப்பு-வெள்ளையில் சிவப்பும் நீலமும் எப்படித் தெரியும்?

#19 வார்னிஷ்

அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறி விழும். வட்டத்தின் நடுப்புள்ளி எப்படி விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது சிவப்பு என்று நமக்குத் தெரியும். அதே சாயலில் உள்ள பட்டைதான் சிவப்பு. பிலிம் எந்த வகை என்று தெரியாவிட்டாலும் இந்த வழி செல்லும்.

#20 பரங்கிமலை

எல்லைப்புறத்து வாப்பிட்டியில் தொங்கியவற்றைச் சேர்த்தால் மாடலுக்கு உயிர் வரும். உதிரிச் சக்கரம் ஒன்றை உடலோடு கட்டி எடுத்துப் போவார்கள், கல்லுத் தரையில் டயர் போனால் மாற்ற. உடலின் அடியில் செய்தி எடுக்கும் கொக்கி: தரையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கயிறு கட்டிப் பையைத் தொங்கவிட்டால், தாழப் பறந்து கொக்கியால் அள்ளிக்கொண்டு போகும். வயர்லெஸ் கனமாக இருந்த காலத்தில் ராணுவத்தோடு பேச அதுதான் வழி. பின்னிருக்கையில் லூயிஸ் துப்பாக்கி, முன்னால் விக்கர்ஸ். கொக்கியை மாடலில் இயங்கும்படி செய்யலாம், ஆனால் பறக்கும்போது மேலே மடக்கிப் பூட்டுங்கள், இறங்கும்போது புல்லில் மாட்டும்.

அப்புறம், எவரெஸ்ட் மேல் 1933 ஏப்ரல் 3-இல் பறந்த இரண்டு விமானங்களில் ஒன்று, வெஸ்ட்லாண்ட் வாலஸ், வாப்பிட்டி உடலிலிருந்து மாற்றியது. பீகாரின் பூர்ணியா பக்கத்திலிருந்து கிளம்பியது. அதில் போன ஒளிப்பதிவாளர் பானட்டின் ஆக்சிஜன் குழாய் உடைந்து அவர் மயங்கிப்போனார். கைக்குட்டையால் கட்டியிருந்தார் உடைந்த இடத்தை. விழாவில் ஒரு பலகை வைப்பதானால் இதற்கும் இடம் கொடுங்கள்.

இடத்தைப் பற்றி: பரங்கிமலையில் பறக்கவிடலாம் என்று யாராவது நினைத்தால் விட்டுவிடுங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே, ராணுவ நிலமும் கூட.

#21 வோல்ட்டுமணி

2021 ட்ரோன் விதிகளில் 2 முதல் 25 கிலோ வரை "சிறிய" பிரிவு, நம் மாடல் அதற்குள் வரும். டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பச்சைப் பகுதியில் 200 அடிதான். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் கூடாது. மண்டலங்கள் மாறும், பறக்கவிடும் வாரத்தில் வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஏற்கெனவே அனுமதி உள்ள ஒரு கிளப் களத்தைக் கேட்பதே உத்தமம். பதிவு எண், காப்பீடு எல்லாவற்றுக்கும் அவர்கள் வழி வைத்திருப்பார்கள்.

#22 இரட்டைவிங்

களம் பேசிவிடலாம். காலை 9 மணிக்குள் முடிக்கும் திட்டம், அதற்கப்புறம் காற்று ஏறும். அளவுகோல், சி.ஜி. எங்கே? முதல் பறப்பின் வரிசை என்ன?

#23 அளவுகோல்

நாண் 29 செ.மீ. என்று எடுத்தால், மேல்-கீழ் இறக்கைகளின் சராசரி முன்னோரத்திலிருந்து 72 முதல் 75 மி.மீ. பின்னால் சி.ஜி. வரைபடத்தில் மேல்விங் முன் தள்ளி இருக்கிறதா என்று அளந்துவிட்டுச் சராசரி எடுங்கள். முதல் பறப்புக்கு 70. மூக்கு கனம் என்றால் சுமாராகப் பறக்கும், வால் கனம் என்றால் ஒரே தடவைதான் பறக்கும். பேட்டரியை மாட்டி, ப்ரொப்போடு, எல்லாக் கம்பியோடும் பாருங்கள். விரல் நுனியில் தூக்காமல், மேல்விங்கின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் சரியாகத் தெரியும்.

மோட்டார் இரண்டு டிகிரி கீழ்நோக்கி, இரண்டு டிகிரி வலப்புறம். எய்லரான் மேலே 20, கீழே 10 டிகிரி. கீழே இறங்கும் எய்லரான் இழுவை அதிகமாக்கி மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும், நான்கு எய்லரானில் அது நன்றாகவே தெரியும். இந்த மேல்-கீழ் வித்தியாசம் (டிஃபரன்ஷியல்) போதவில்லை என்றால் எய்லரானோடு சுக்கானை 15 சதவீதம் கலந்துவிடுங்கள். இருவிங்கை எய்லரானால் மட்டும் திருப்பப் பார்க்கிறவர் திருப்பத்தில் விழுவார்.

சக்கர அச்சு சி.ஜி.-க்கு முன்னால் இருக்க வேண்டும். வால் தூக்கிப் பறக்கும் நிலையில் சி.ஜி.-யிலிருந்து அச்சு மையத்துக்குக் கோடு இழுத்தால் செங்குத்துக்கு முன்னால் 15 முதல் 18 டிகிரி. குறைந்தால் புல்லில் மூக்கால் கவிழும். கூடினால் தரையில் வட்டமடிக்கும்.

காற்றுக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) முழுக்கப் பின்னால் பிடித்து, மூன்று விநாடியில் மெதுவாக முழு த்ராட்டில். வேகம் ஏறினதும் எலிவேட்டரைத் தளர்த்துங்கள், வால் தானாக எழும். எழும்போது இடப்புறம் இழுக்கும், வலச் சுக்கான் தயாராக இருக்கட்டும். தரை விட்டதும் ஏற்ற வேண்டாம், மூன்று மீட்டரில் நேராக விட்டு வேகம் சேருங்கள். 40 மீட்டர் உயரத்துக்குப் போய் முதல் திருப்பம், அகலமாக. 80 மீட்டரில் த்ராட்டிலை மூடி ஸ்டால் எப்படி வருகிறது என்று பாருங்கள். இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடக் கூடாது. இத்தனை கம்பியும் ஸ்ட்ரட்டும் சேர்ந்து பிரேக் மாதிரி, மூடிய மறு விநாடி வேகம் சரியும். சக்கரம் தொடும் வரை கால் பங்கு த்ராட்டில்.

#24 நூல்கட்டு

இறங்கினதும் அடுத்த பேட்டரியை மாட்டும் முன் எல்லா டர்ன்பக்கிள் பூட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள். உள் அறையின் பின் பறக்கும் கம்பிதான் முதலில் தளரும், ப்ரொப் காற்று நேராக அதில் அடிக்கிறது.

#25 இரட்டைவிங்

சரி. உற்பத்தி வகையின் மூன்று கோண வரைபடத்தை 1:6-க்குப் பெரிதாக்கி அடுத்த பதிவில் ஏற்றுகிறேன். சுக்கானின் முன்னோரம் சிவப்பு என்று அதிலேயே குறித்துவிடுகிறேன். வாலின் பரப்பை அளந்து 0.45 வருகிறதா என்று அளவுகோல் பார்த்துச் சொல்லட்டும், அதற்குப் பிறகுதான் பால்சா வாங்குவது.